முகத்துவாரத்துச் சுருதி

படகு கோட்டைக்குப்பத்தைத் தாண்டியதும் சீனிவாசன், நாகசுரத்தோடு தொங்கிய உதிரிச் சீவாளிகளை, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை, நூலோடு ஏரித் தண்ணீரில் முக்கி எடுத்தார். காவிரிக்கரைப் பழக்கம். ஆற்றில் ஒரு முக்கு முக்கினால் சீவாளி இளகிக் கொடுக்கும். கார்த்திகை வெள்ளத்தில் இதே ஏரியில் அப்படித்தான் செய்தார், ஒரு குறையும் வரவில்லை. எதிரே ஒத்துக்குழலோடு உட்கார்ந்திருந்த தனக்கோடி இரண்டு கைகளையும் ஆட்டி என்னவோ சைகை காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?" என்று சிரித்துவிட்டு சீனிவாசன் விட்ட கதையைப் பிடித்துக்கொண்டார்.

கதை என்றால் அவருடைய கதைதான். ஒன்பது வயதில் கும்பகோணத்தில் முதல் மேளம். இருபதில் தஞ்சாவூர் அரண்மனையில் நான்கு நாழிகை தோடி, தோளில் சால்வை. ஒல்லாந்தர் கோட்டைக்குத் துணி விற்றுக் கொழித்த செட்டியார் ஒருவர் போன வருடம் பல்லக்கு அனுப்பி, பழவேற்காட்டுப் பெருமாள் கோயிலுக்கு அவரை அழைத்துக்கொண்டார். தனக்கோடியைப் பற்றிச் சொல்ல அப்படி ஒன்றும் கிடையாது. முப்பது வருடமாக மூன்று வித்துவான்களுக்குப் பக்கத்தில் நின்று, ஒரே சுரத்தை விடாமல் இழுத்து ஒத்து ஊதியவர். ஏழு சுரத்தில் ஆறைத் தொடாமலே தலை நரைத்த மனிதர்.

அன்று மாசி மகம். பெருமாள் படகில் ஏரியைக் கடந்து, முகத்துவாரத்து மணல்மேட்டில் இறங்கி, கடலில் நீராட வேண்டும். கரையில் குப்பத்துத் தலைவர் பெரியசாமி காத்திருந்தார்.

"சாமி மணல்ல கால் வச்சா, கடல்ல முழுகுற வரைக்கும் மேள சத்தம் அறுவக் கூடாதுங்க. அறுந்தா சாமி திரும்பிடும். அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஒரு கட்டுமரம் எறங்காது. புள்ளைங்க வயித்துல ஈரத்துணிதான்."

"நான் ஊதி எங்கேய்யா அறுந்திருக்கு?" என்றார் சீனிவாசன்.

கல்யாணியை எடுத்தார். நன்றாகத்தான் வந்தது. பெருமாளைத் தூக்கிய ஆட்களின் நடையிலேயே ஒரு குழைவு வந்துவிட்டது. பாதி மணலைக் கடக்கும்போது காய்ந்த காற்றில் சீவாளி பிளந்தது. கண் இமைக்கும் நேரத்தில் அடுத்ததை மாட்டினார். உப்பில் ஊறிப் பருத்து வாய் மூடிக் கிடந்தது அது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். உதட்டில் கரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மாசியில் வெள்ளம் வடிந்து கடல் உள்ளே வந்துவிட்டிருந்தது. தவில்காரர் திகைத்துக் கையை எடுத்துவிட்டார். தூக்கியவர்களின் கால்கள் தயங்கின. பின்னால் ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். 

பெரியசாமி நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

ஒத்து ஒலித்துக்கொண்டிருந்தது. அது ஆரம்பம் முதலே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, யாரும் காதில் வாங்கவில்லை.

"அறுவலடா! நடங்க!" என்று பெரியசாமி கத்தினார்.

நடந்தார்கள். தனக்கோடி மூச்சை மூக்கால் இழுத்துக் கன்னத்தில் தேக்கி, தேக்கியதை விட்டுக்கொண்டே மறுபடி இழுத்தார். சுரம் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் நின்ற வித்துவானுக்கே தெரியவில்லை. ஏதோ கப்பலுக்காகக் கோட்டையிலிருந்து பீரங்கி வெடித்தது. ஏரியில் நின்ற பூநாரைகள் மொத்தமாக எழுந்து வானத்தைச் சிவப்பாக்கின. தூக்கியவர்கள் குலுங்கினார்கள், பெருமாளின் மாலைகூட ஆடியது. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் ஒரு மயிரிழை அசையவில்லை. சீனிவாசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தஞ்சாவூர்த் தோடி நின்றது இதன் மேல்தானே! இப்படி ஒருவர் பக்கத்தில் நிற்காமல் நான் ஒரு நாளாவது ஊதியிருக்கிறேனா? அரண்மனையில் ஒத்து ஊதியவரின் பெயரை நினைத்துப் பார்த்தார். வரவில்லை.

பெருமாள் அலையில் முழுகி எழுந்தார். குப்பமே கடலில் விழுந்து குளித்தது. சுரம் நிற்கவில்லை. பெரியசாமி தண்ணீர் சொட்ட வந்து தனக்கோடியின் தோளைத் தொட்டார்.

"போதும் நைனா. சாமி குளிச்சிட்டாரு."

தனக்கோடி குழலை இறக்கினார். உதட்டோரம் ரத்தம் கசிந்திருந்தது.

"படகு ஏறும்போதே சீவாளிய வாயில அதக்கிக்கினேங்க" என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல. "மாசியில ஏரி உப்பாயிடும், முக்காதீங்கன்னுதான் கைய ஆட்டினேன். வாயத் தொறந்தா காத்து பட்டு காஞ்சிடும். அதான் பேசல."

சீனிவாசன் உப்பேறிய சீவாளிகளை நூலோடு அவிழ்த்துக் கீழே போட்டார். கையை நீட்டினார். தனக்கோடி மடியிலிருந்து உலர்ந்த சீவாளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் படகில் பெரியசாமியும் குப்பத்து ஆட்கள் சிலரும் ஏறிக்கொண்டார்கள். கோயில் துறையில் மறுபடி மேளம் முழங்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு நாழிகை இருந்தது.

"தஞ்சாவூர் அரமனை கதைய சொல்லுங்க ஐயா, இந்தாளுங்க கேக்கல" என்றார் பெரியசாமி.

கன்னத்தில் சீவாளியை அதக்கியிருந்த சீனிவாசன் தனக்கோடியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இரண்டு கைகளையும் ஆட்டினார்.