கூனி பிடித்த இடம்

1.

இது திருட்டுக் கதை. என் பக்கத்து வீட்டுக்காரி தைசியா ஒரு சனிக்கிழமை எங்கள் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "எங்கயும் எழுதித் தொலைக்காத" என்றாள். நகரத்துச் செய்தித்தாளில் இருபது ஆண்டுகளாக நையாண்டிப் பத்தி எழுதுகிறவனிடம் அப்படிச் சொன்னால், மறைமுகமாக எழுதச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் அப்படி நினைக்கவில்லை என்பது பின்னால் வரும்.

முதல் தொடக்கம்: "பைக்கால் ஏரி இரண்டரைக் கோடி ஆண்டுகளாக—"

(அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் எல்லாச் சொற்பொழிவும் இப்படித்தான் தொடங்கும். நாற்காலிகள் காலியாவதும் இங்கேதான்.)

இரண்டாவது: "தைசியா முப்பது கூனிகளுக்கும் ஆளுக்கொரு கால் பிய்த்துக்கொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும்.

2.

நான் கூனி என்று சொல்வது இறால் வம்சத்தின் கடைக்குட்டியை. விரல் நுனி நீளம், வளைந்த முதுகு. எங்கள் ஏரியில் இதில் பல நூறு வகை. சரியான எண்ணிக்கை நீங்கள் எந்தப் பேராசிரியரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அங்காரா ஆறு ஏரியை விட்டு வெளியேறும் வாய்க்கு இந்தப் பக்கத்துக் கூனியும் அந்தப் பக்கத்துக் கூனியும் பார்வைக்கு அச்சாக ஒன்று. மரபணுவைப் படித்தால்தான் தெரியும், பல லட்சம் ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் என்று.

(எழுத்தாளனுக்கு இது புதிதல்ல. இந்தக் கதையையே இரண்டு நோட்டுகளில் தனித்தனியாகத் தொடங்கினேன். மூன்றே நாள் கழித்து ஒன்றின் பத்தியைத் தூக்கி இன்னொன்றில் வைத்தேன். ஒட்டவில்லை.)

தைசியாவுக்கு ஐம்பத்து மூன்று. கரையோர ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டு. பிறர் கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் இருப்பாள். மே மாதம் வேலை ஒப்பந்தம் முடிகிறது. சொந்தமாக ஒரு கட்டுரையாவது வராவிட்டால் புதுப்பிக்கமாட்டார்கள்.

அப்போதுதான் ஏரியிலிருந்து ஒரு மாதிரிப் புட்டி வந்தது. இந்தக் கரையில் ஒரே விரிகுடாவில், ஒரே இடத்தில் பிடித்த முப்பது கூனி. ஒவ்வொன்றிலும் ஒரு காலைப் பிய்த்து மரபணுவைப் படித்துப் பார்த்தால் பன்னிரண்டு இக்கரை வம்சம், பதினெட்டு அக்கரை வம்சம். ஒன்றுகூடக் கலப்பில்லை.

இயக்குநர் அர்காதி யூலியானொவிச் அவளுக்குத் தம் கையால் தேநீர் ஊற்றினார். நடுவில் மலையும் ஆறும் வேண்டாம், ஒரே கல்லுக்கடியில் இருந்துகொண்டே ஓர் இனம் இரண்டாகப் பிரியும் என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவருபவர் அவர். இப்போது ஆதாரம் வந்துவிட்டது. புதிய இனத்துக்குப் பெயர் வேண்டும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது விலங்கியலில் மரியாதையில்லை. அதனால் அவர் வைக்கவில்லை. அவளை வைக்கச் சொன்னார்.

கட்டுரையில் முதல் பெயர் தைசியா. வீட்டுக்கு வந்து அதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள்.

3.

அடுத்த ஞாயிறு தங்கை வீட்டில் சாப்பாடு. அவித்த உருளைக்கிழங்கு, உப்பு ஓமுல் மீன். தங்கை கணவன் ஸாவா நிலையத்தின் படகோட்டி. பனிக்காலத்தில் ஏரியைத் துளையிட்டு மாதிரி எடுத்து வருகிறவனும் அவன்தான்.

"அக்கா, என் புட்டியால உனக்கு ஏதோ பெரிய பேராமே?"

"வரும்போல இருக்கு. முப்பதுல பன்னெண்டு ஒரு மாதிரி, பதினெட்டு வேற மாதிரி."

ஸாவா முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"பன்னெண்டுன்னா சொல்லுச்சு? பலே மெஷின்க்கா. அப்படியே புட்டுப்புட்டு வச்சிருச்சு."

"என்னத்தப் புட்டு வச்சிச்சு?"

"வலையில பன்னெண்டுதான் மாட்டுச்சு. நீ முப்பது கேட்ட. மத்தத என் பர்மாஷ் பெட்டியிலேர்ந்து போட்டேன். பதினெட்டு. எண்ணித்தான் போட்டேன், கூட ஒண்ணு கெடையாது."

பர்மாஷ் என்றால் தூண்டில்காரர்கள் பனித்துளையில் கைகையாகக் கொட்டும் உயிருள்ள கூனி. அந்த வாசனைக்குத்தான் மீன் கூடும்.

"எங்க வாங்கின பர்மாஷ்?"

"ரயில்ல வர்றதுதான். அக்கரை சரக்கு. அதுதான் நல்லாத் துள்ளும்."

"முட்டாப் பயலே" என்றாள் தைசியா, மிக அமைதியாக.

"கூனி கூனிதானக்கா. அதுல என்ன ஜாதி பாக்குற?" என்றான் ஸாவா.

(இங்கே தைசியா எழுந்து வெளியே போய், உறைந்த ஏரியை வெறித்துப் பார்த்து— இல்லை. அவள் இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். எனக்கும் ஏமாற்றம்தான்.)

4.

மறுநாள் ஸாவாவை இழுத்துக்கொண்டு அந்த விரிகுடாவுக்கே போனாள். அவன் துளை போட்டான். வலையை அவளே இறக்கினாள், புட்டியையும் அவளே மூடினாள். பர்மாஷ் பெட்டியைக் கொண்டுவரக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. பாதுகாவலர் இல்லாமல் வந்தவன்போல வழியெல்லாம் முனகினான்.

நாற்பது கூனி. ஆய்வகத்தில் மூன்று நாள்.

இருபத்தொன்பது இக்கரை. பதினொன்று அக்கரை. கலப்பு, ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் நான் அவளை நம்பவில்லை. "இது கதைக்காகச் சொல்றதுதானே?" என்று கேட்டேன். "கதை எழுதறது நீயா நானா?" என்றாள். அவளும் தன் கண்ணை நம்பாமல் ஸாவாவைத்தான் கேட்டிருக்கிறாள்.

"இதுல என்னக்கா அதிசயம்? முப்பது வருஷமா ஊரே இந்த மூலையிலதான் கொட்டுது. மீன் திங்காம விட்டது அடியில குடும்பம் நடத்துது."

ஆகப் பொய்ப் புட்டி சொன்னது மெய்யாகிவிட்டது. முப்பது ஆண்டு ஒரே கல்லுக்கடியில் குடித்தனம். இரண்டுக்கும் நடுவே ஒரு பிள்ளை பிறக்கவில்லை. அப்படியானால் இரண்டும் தனித்தனி இனம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவை பிரிந்தது இந்தக் கல்லுக்கடியில் அல்ல. அக்கரையில் தனியாக வாழ்ந்து, வேறாகி, ரயிலில் வந்திறங்கியவை. அர்காதி யூலியானொவிச்சின் பதினைந்து ஆண்டுக் கொள்கையைத் தூண்டில்காரர்கள் பெட்டியிலிருந்து கொட்டியிருக்கிறார்கள்.

5.

அவரிடம் போய்ச் சொன்னாள். அதை மறைத்தாள் என்று எழுதியிருந்தால் கதை விறுவிறுப்பாக இருந்திருக்கும். சொன்னாள்.

"கல்லுக்கடியில ரெண்டும் இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கு."

"கலக்குதா?"

"இல்ல."

"அப்ப நான் சொன்னது சரிதானேம்மா."

"அர்காதி யூலியானொவிச், அது பர்மாஷ். மீன்காரங்க கொட்டினது."

"மீன்காரங்க பேச்சையெல்லாம் ஆராய்ச்சியில சேக்கறதில்ல. இத்தன வருஷம் இங்க இருந்து இதுகூடவா தெரியாது?" தாளை இழுத்து, தலைப்பையும் புதிய இனத்தின் பெயரையும் மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "வெள்ளிக்கிழம காலையில அனுப்பிடு. உன் நல்லதுக்குத்தான்."

கடைசி வாக்கியம் உண்மை. அதுதான் தொல்லை.

அவர் உள்ளே படிக்கவில்லை என்பதும் உண்மை. ஒரே ஒரு வரி போதும்: இந்த விரிகுடாவில் மீனவர்கள் நெடுங்காலமாக அக்கரைக் கூனிகளை இரையாகக் கொட்டிவருகிறார்கள். சேர்த்தால் அப்படியே அச்சாகிவிடும். அச்சானதும் அவர் படிப்பார், மே மாதமும் வந்துவிடும். சேர்க்காவிட்டால் அவள் பெயர் முதலில் இருக்கும், ஒரு பொய்யின் தலைமாட்டில்.

6.

முடிவு அ: அவள் அந்த வரியைச் சேர்க்கிறாள். கட்டுரை வருகிறது. உலகம் முழுவதும்—

(உலகம் முழுவதும் கூனியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஒரு பேருந்தில் அடங்குவார்கள்.)

முடிவு ஆ: அவள் சேர்க்கவில்லை. மே மாதம் சம்பளம் உயர்கிறது. தன் பெயருள்ள பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டி, அதன் எதிரே உட்காராமல்—

(கண்ணீர் வரவழைக்கும் நோக்கம் தெரிகிறது. அடித்துவிட்டேன்.)

வியாழக்கிழமை முடிவு இ-யை எழுதிக்கொண்டிருந்தபோது தைசியா உப்புக் கடன் கேட்டு வந்தாள். மேசைமேல் கிடந்ததை நின்றபடியே படித்தாள். நான் அடுப்பைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

"எழுதாதன்னு சொன்னேன்."

"பேரை மாத்திடறேன்."

"கூனிக்குமா? உன் 'அ'-வுல என்னமோ எனக்கு முதுகெலும்பு முளைச்சிருக்கு."

"உனக்கு உண்டு, தைசியா. அதனாலதான் அவர்கிட்டயே போய்ச் சொன்ன."

"போன மாசம் அவரோட எழுவதாவது பொறந்தநாளுக்கு வாழ்த்துரை எழுதிக் குடுத்தது யாரு? 'ஆழத்தின் மனசாட்சி'ன்னு?"

அடுப்பு சுத்தமாகிவிட்டது. தொடர்ந்து துடைத்தேன்.

"அத நீ திருப்பி வாங்குவியா?" என்றாள்.

"அது வெறும் வாழ்த்துரை."

"இது வெறும் கூனி." உப்பை எடுத்துக்கொண்டாள். கதவருகில் நின்றாள். "உன் பேனாவுல என்னைத் தைரியசாலியாக்கிட்டு நீ நிம்மதியாத் தூங்கலாம்னு பாக்காத. அந்த ஒரு வரிய நான் எழுதினா நான் எழுதினதா இருக்கணும்."

முடிவு இ-யைக் கிழித்துவிட்டேன். அது நன்றாக வந்திருந்தது.

7.

வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணி. ஆய்வகத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. தைசியா திரைக்கு முன்னால் இருக்கிறாள். கட்டுரை திறந்திருக்கிறது. மாதிரிகள் எடுத்த இடத்தைப் பற்றிய பத்தியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் கர்சர் கோடு துடித்துக்கொண்டிருக்கிறது. அவள் கை விசைப்பலகைமேல் இருக்கிறது, அனுப்பும் பொத்தானை நோக்கியா, வரியை எழுதவா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லும் தகுதி வியாழக்கிழமையே போய்விட்டது.

மேசையில் தொலைபேசி அடிக்கிறது. அர்காதி யூலியானொவிச்தான். அவள் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

தொலைபேசியை நானும் எடுக்கப்போவதில்லை. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அந்த அறையில் இப்போது கை காலியாக இருப்பது உங்களுக்குத்தான். எடுங்கள். முதலில் குளிர் எப்படி என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்ததாக, கட்டுரையை அனுப்பிவிட்டாளா என்று கேட்பார்.