ஏறுவதற்காகப் போட்ட வழி

வழியைத் திருப்பிவிட்டார்கள் என்பது, அச்சடித்து வந்த தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சைக்கிள் சங்கத்தின் வருடாந்திர சவாரிக்கான அறுபது கிலோமீட்டர் வழி அது. ஏழு மாதம், ஞாயிறு தவறாமல், தனியாக ஓட்டி ஓட்டி அதைப் போட்டவள் அவள். மேடும் பள்ளமுமாகப் புரண்டு கிடக்கும் அந்த வயல்வெளியில் எந்தச் சாலை எங்கே சுருங்கும், எந்த வீட்டு நாய் துரத்தும், எந்தப் பாலத்தில் ஜல்லி சிதறிக் கிடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மருந்துக்கடையில் பதினாறு வருஷமாக மாத்திரைக் கவர்மேல் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிப் பழகிய கை. வழித்தாளிலும் வளைவுக்கு ஒரு வரி எழுதாமல் அது அடங்காது. சங்கத்தில் அவளுக்கு 'ஜாக்கிரதை அக்கா' என்று பட்டப்பெயர்.

புதுத் தாளில் அம்புக்குறிகள் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் எழுதிய வரிகளில் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் ஒரு டயர் விளம்பரம் பளபளத்தது.

சங்கத்தின் செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய தம்பிதான். உடனே போன் போட்டாள்.

"என்னடா இது, வழி தலைகீழா இருக்கு?"

"தலைகீழா இல்லக்கா, திருப்பியிருக்கோம். கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு. அதே ரோடுதானே?"

"அதே ரோடா? நான் ஏற வச்ச இடமெல்லாம் இப்ப இறங்குற இடமாயிடுச்சுடா!"

"அதுக்காகத்தான்க்கா மாத்தினதே. மேடு ஏறுறவன் முகம் போட்டோல பல்வலிக்காரன் மாதிரி இருக்கு. இறங்குறவன் முகம்தான் விளம்பரத்துக்கு ஆகும்."

"பால்பண்ணைச் சரிவு ஞாபகம் இருக்கா உனக்கு? கீழ சுவர் மறைக்குற வளைவு. வளைஞ்ச உடனே பண்ணை கேட். காலைல ஏழு மணிக்குப் பால் லாரி ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கும்."

"ஞாயித்துக்கிழமையுமா?"

"மாட்டுக்கு ஏதுடா ஞாயித்துக்கிழமை? பண்ணைக்காரர்கிட்ட நானே கேட்டிருக்கேன்."

"சரி, சாயங்காலம் கமிட்டில சொல்லு" என்று போனை வைத்துவிட்டான்.

கமிட்டி கூடுவது சைக்கிள் கடையின் பின்னறையில். சுவர் முழுக்க ரிம்கள் தொங்கும். ஆறு நாற்காலிகளில் ஆறு ஆண்கள். அவள் டயர்ப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, சரிவின் நீளம், வளைவு, லாரி வரும் நேரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைக்காரர்தான் சங்கத் தலைவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, எல்லா சைக்கிள்லயும் பிரேக் இருக்குல்ல?" என்றார்.

"நன்றாகக் குலுக்கிய பின் இறங்கவும்னு ஒரு சீட்டு ஒட்டிடுவோமா?" என்றது ஒரு குரல்.

அறையே சிரித்தது. தம்பியும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததை அவள் மறந்திருப்பாள்.

"கோவிச்சுக்காதக்கா" என்றான் வெளியே வந்ததும். "சரிவு ஆரம்பிக்குற முனையில கொடி பிடிக்க உன்னையே போட்டிருக்கேன். உனக்குப் பிடிச்ச இடம்தானே?"

மறுநாள் முழுக்க, கடையில் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டே தன் கோபத்தை உற்றுப் பார்த்தாள். இதில் லாரி எவ்வளவு, தான் எவ்வளவு? தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றியதுதான் எரிகிறதோ? தன் வரிகள் அப்படியே அச்சாகியிருந்தால் இத்தனை எரிந்திருக்குமா? எரிந்திருக்காது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏழு மாத ஞாயிறுகளை ஒரே தட்டில் கவிழ்த்துவிட்டார்களே என்ற ஆங்காரம் உள்ளே வஞ்சனையில்லாமல் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சரி, அதைத் தனியாக எடுத்து வைத்தாள். தன்மானம், தம்பியின் சிரிப்பு, டயர்ப் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். எல்லாம் போன பிறகும் அந்த வளைவில் லாரி நின்றுகொண்டிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் முதல் தடவை வருகிறவர்கள். கோபம் சுத்தமானதாக இருந்தால்தான் செல்லும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிறு காலை ஆறரைக்கே முனையில் போய் நின்றாள். நேரே போனால் சரிவு. இடதுபக்கம் மேட்டின் முதுகோடு ஒரு சாலை ஐந்து கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போய், பண்ணைக்கு அப்பால் அதே வழியில் சேரும். முதல் கூட்டம் தெரிந்ததும் கொடியை இடதுபக்கம் நீட்டினாள்.

"அக்கா, மெஷின் நேரா போகச் சொல்லுதே!"

"மெஷின் விழுந்தா அதுக்கு வலிக்காது. இடது பக்கம் போங்க."

ஹேண்டில்களில் மாட்டியிருந்த வழிகாட்டிக் கருவிகள் எல்லாம் 'வழி தவறிவிட்டீர்கள்' என்று கீச்சிட்டன. முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்கள். தலைவர் மட்டும் வேகத்தைக் குறைத்து, "யாரைக் கேட்டும்மா மாத்தினீங்க?" என்று கத்தினார். பதில் கேட்க நேரமில்லை. பின்னால் வந்த கும்பல் அவரையும் இடதுபக்கமே தள்ளிக்கொண்டு போனது.

கடைசி ஆளாக வருவது செயலாளரின் வேலை. ஏழு பத்துக்குத் தம்பி வந்தான். கொடி நீட்டியிருந்த பக்கத்தைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க? எல்லாரையும் சுத்த விட்டுட்டியா? இதை முடிவு பண்ண நீ யாரு?"

"கொடி யார் கையில இருக்கு?"

"வெளையாடாத. எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்ட."

"கமிட்டில என் மானம் போனப்ப நீயும்தானே பல்லைக் காட்டின?"

அவன் சைக்கிளைச் சரிவுப் பக்கம் திருப்பினான். "நான் நேரா இறங்கிக் காட்டுறேன், பாரு."

"இறங்கு. ஆனா உருட்டிக்கிட்டு வா. நானும் வரேன்."

ஏனோ அவன் மறுக்கவில்லை. ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தார்கள். நடக்கும்போதே முன்சக்கரம் கையை இழுத்தது. பாதிச் சரிவுக்குப் பிறகு அவன் இரண்டு பிரேக்கையும் விடவில்லை.

சுவரைத் தாண்டி வளைந்தார்கள். லாரி நின்றுகொண்டிருந்தது. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, குறுக்கே, ஒரு சைக்கிள் நுழையவும் இடமில்லாமல். பண்ணையைக் கழுவிவிட்ட சாணித் தண்ணீர் கேட்டிலிருந்து வழிந்து வளைவு முழுக்க பச்சையாகப் பரவியிருந்தது.

குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "என்னம்மா, எப்பவும் கீழேயிருந்துதானே வருவீங்க? இன்னைக்கு மேலேயிருந்து வரீங்க? ஏதோ சைக்கிள் கூட்டம்னாங்களே, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

தம்பி லாரியைப் பார்த்தான். சாணித் தண்ணீரைப் பார்த்தான். வந்த சரிவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"இவ்வளவு மோசம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

போனில் சொன்னாள். கமிட்டியில் சொன்னாள். எல்லாவற்றுக்கும் முன்னால் தாளில் எழுதியே வைத்திருந்தாள்: 'பால்பண்ணை வளைவு. காலை ஏழு மணி. லாரி. மேலிருந்து வரக் கூடாது.' கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் இவன், ஜாக்கிரதை அக்கா கத்துகிறாள் என்று அதையும் சிரிப்பாக மாற்றிவிடுவான்.

கொடியை அவன் கையில் திணித்தாள்.

"அடுத்த வருஷம் முனையில நீ நில்லு."

"எங்கக்கா போற? எல்லாரும் பண்ணைக்கு அந்தப் பக்கம்தானே வந்து சேருவாங்க?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள். ஏறி உட்கார்ந்து மிதித்தாள். இந்தச் சரிவை அவள் தேர்ந்தெடுத்ததே ஏறுவதற்காகத்தான். முகம் கோணியது, மூச்சு இரைத்தது, யாராவது படம் எடுத்தால் அசல் பல்வலிக்காரிதான். பின்னால் "அக்கா! அக்கா, நில்லு!" என்ற குரல் வளைவோடு தேய்ந்தது. அவள் ஒரு கியர் குறைத்துக்கொண்டு, நிற்காமல் ஏறினாள்.