செங்கல்லைக் குளிப்பாட்டிய கனவான்

"இந்தக் கட்டடத்தோட ஆத்மாவக் காப்பாத்த வந்திருக்கேன்" என்றார் பிரெஸ்டன் வேன்டிவர், காபியைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஆத்மா மேல்மாடியில இருக்கு. பூரா புறா எச்சம்" என்றாள் நார்லீன். "முட்டை எப்படி வேணும், கண்ணு?"

நார்லீன் டீர்க்கருக்கு ஊரில் எல்லோருமே கண்ணுதான். எங்கள் ஊர் மிசிசிப்பி ஆற்றங்கரையில், மிசூரி மாநிலப் பக்கம் இருக்கிறது. நீராவிக் கப்பல் காலத்து ஹோட்டல் ஒன்று அங்கே பாழடைந்து நின்றது. அதன் கீழ்த்தளத்தில் மட்டும் உயிர் இருந்தது: சாப்பாடு பரிமாறும் ஒரு நீண்ட பளிங்கு மேடை, அதன் முன்னால் சுழலும் முக்காலிகள், பின்னால் இரும்புத் தட்டில் முட்டை புரட்டும் நார்லீன். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. வீடும் மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான். எனக்கு அங்கே கடைசி முக்காலி. என் கணவர் போனதிலிருந்து காலைச் சாப்பாடு அங்கேதான்.

வேன்டிவர் செயின்ட் லூயிஸ்காரர். ஹோட்டலை வாங்கியதும் முதல் வேலையாகத் தன் சட்டைப் பையில் ஊர்ச் சரித்திரச் சங்கத்தின் பேட்ஜைக் குத்திக்கொண்டார்.

"இந்த ஆளுக்குப் பழைய கட்டடத்து மேல என்ன திடீர் பாசம்?" என்று கேட்டேன்.

தானியக் கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற பட்டி ரவுஷ்தான் பதில் சொன்னார். "வரிப் பாசம், க்ளென்டா. பழைய கட்டடத்தப் பழைய மாதிரியே புதுப்பிச்சா, செலவுல அஞ்சுல ஒரு பங்க அரசாங்கத்துக்குக் கட்டற வரியில கழிச்சுக்கலாம். மாநிலமும் அதுக்கு மேல கொஞ்சம் தள்ளிவிடும். அந்தச் சலுகையக் காட்டித்தான் இவரு பணக்காரங்களக் கூட்டு சேர்க்கறாரு."

"அப்போ ஆத்மா?"

"அது விளம்பரத்துக்கு."

மேடையை உடைத்து எறிந்துவிட்டு அங்கே மதுக்கூடம் வைப்பதுதான் அவர் திட்டம். வரைபடத்தை நார்லீனின் மேடை மேலேயே விரித்து, அவள் ஊற்றிய காபியை அதன் மூலைக்குப் பாரமாக வைத்து, அவள் இல்லாத கடையை அவளுக்கே காட்டினார். நாகரிகமான மனிதர், பாருங்கள்.

அப்போதுதான் மாநிலத் தலைநகரிலிருந்து மேரிபெத் ஆய்லர் வந்தாள். இந்தச் சலுகைக்கு எது சரித்திரம், எது குப்பை என்று பார்த்துச் சொல்லும் உத்தியோகம். வெண்ணெய் கேக் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டாள், காசு கொடுத்து. பளிங்கைத் தடவினாள், குனிந்து முக்காலியின் அடியைப் பார்த்தாள், பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினாள்.

"மிஸ்டர் வேன்டிவர், இந்த மேடை ஹோட்டலோட கூடப் பொறந்தது. முக்காலி, கண்ணாடி எல்லாமே. எதையும் தொடக்கூடாது. தொட்டா சலுகை கிடையாது."

நாங்கள் கை தட்டினோம். பட்டி முக்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார். நார்லீன் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டினாள்.

வேன்டிவர் ஒரு நிமிஷம்தான் வாடினார். பிறகு சிரித்தார். "மேடை இருக்கணும்னுதானே சொன்னீங்க? தாராளமா இருக்கட்டும். மேடைக்குப் பின்னாடி யாரு நிக்கணும்னு விதியில இருக்கா?"

மேரிபெத் நார்லீனைப் பார்த்தாள். பிறகு தன் கேக் தட்டைப் பார்த்தாள். "விதி கட்டடத்துக்குத்தாங்க. ஆளுங்களுக்கு இல்ல."

"அப்போ நான் நகர்த்தக்கூடிய சாமான்" என்றாள் நார்லீன்.

"அப்படிச் சொல்லலைங்க..."

"பரவால்ல கண்ணு, சாப்பிடு. நீ எழுதின சட்டமா?"

மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகை அவளுடையது. சலுகைக்கு ஒப்புதல் வந்த அன்றே காலி செய்யச் சொல்லப்போவதாக வேன்டிவர் அங்கேயே அறிவித்தார். மரியாதையாகத்தான். சாமானை ஏற்றிப் போகத் தன் செலவில் வண்டி தருகிறாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் நார்லீனிடம் யாரும் "வந்துடுச்சா?" என்று கேட்பதில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு காபி கேட்போம்.

இலையுதிர் காலத்தில் பணக்காரக் கூட்டாளிகள் கட்டடத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. வேன்டிவர் மேடை முன்னால் உட்கார்ந்து பேச்சு ஒத்திகை பார்த்தார்: "நண்பர்களே, காலம் இங்கே உறைந்து நிற்கிறது..."

"உறையல, கரி பிடிச்சு நிக்குது" என்றாள் நார்லீன். "வாசல் சுவர என்னிக்காவது நிமிர்ந்து பாத்தீங்களா, மிஸ்டர் வேன்டிவர்? நூறு வருஷக் கப்பல் புகை. என் இரும்புத் தட்டக்கூட நான் தினம் சுரண்டிக் கழுவறேன். பல்லு தேய்க்காத மாப்பிள்ளையக் காட்டிப் பொண்ணு கேக்கப் போறீங்களே."

பட்டி சிரித்தார். நானும் சிரித்தேன். வேன்டிவர் சிரிக்கவில்லை. வெளியே போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று சுவரை வெகுநேரம் பார்த்தார்.

அவள் வேண்டுமென்றே தூண்டிவிட்டாள் என்று ஊரில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தவள். செங்கல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியுமோ அதுதான் அவளுக்கும் தெரியும், அதாவது ஒன்றும் தெரியாது. அவளுக்கு வாய் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரமே படகுப் பட்டறை ஆட்கள் வந்தார்கள். சரக்குப் படகின் துருவை மணல் பீய்ச்சி உரிக்கிறவர்கள். சுவரைச் சுத்தம் செய்ய வேன்டிவர் அவர்களைத்தான் பிடித்திருந்தார், மலிவு என்று. இரண்டு நாள் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. காபியில் மணல், முட்டையில் மணல். மணல் அடங்கியபோது கருத்த கம்பீரமான அந்தக் கட்டடம் இறகு பிடுங்கிய கோழி மாதிரி ரோஸ் நிறத்தில் நின்றது.

"பாருங்க!" என்று கையை விரித்தார் வேன்டிவர். "நூறு வயசு குறைஞ்சிடுச்சு!"

"வயசுக்குத்தானே காசு தர்றாங்க?" என்றார் பட்டி.

மனிதர் காதில் அது ஏறவில்லை.

கூட்டாளிகள் வருவதற்கு முந்தின வாரம் மேரிபெத் கடைசிப் பார்வைக்கு வந்தாள். காரிலிருந்து இறங்கியவள் கதவை மூடவே மறந்தாள். நாங்கள் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டோம்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான். என் சொந்தச் செலவு!" இதைச் சொல்லும்போது நெஞ்சு வேறு நிமிர்ந்தது.

"எதையும் தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"உள்ள இருக்கற மேடையத்தானே சொன்னீங்க? அதத் தொடவே இல்ல."

"எல்லாத்தையும்தான் சொன்னேன். செங்கல்லுக்குச் சூளையில வெந்த தோல் ஒண்ணு இருக்கு, மிஸ்டர் வேன்டிவர். அதுதான் மழையத் தடுக்கறது. அத உரிச்சிட்டீங்க. மணல் பீய்ச்சக்கூடாதுங்கறது எங்க ஆபீஸ்ல எல்லாரும் முதல்ல சொல்ற விஷயம்."

"சரி, விடுங்க. திரும்ப ஒட்டிடலாம்."

"தோல ஒட்ட முடியாது."

அவர் யோசித்தார். பிறகு, என் காதால் கேட்டேன், சத்தியமாக, இப்படிச் சொன்னார்: "கறுப்பு பெயின்ட் அடிச்சிடறேன். அதே பழைய கறுப்பு. ஒருத்தருக்கும் தெரியாது."

மேரிபெத் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேக்கைக்கூட மறந்துவிட்டாள்.

சலுகை போனது. சலுகை போனதும் கூட்டாளிகள் போனார்கள். ஆத்மாவைக் காப்பாற்ற வந்தவர்களில் ஒருவர்கூட வந்து ஆத்மாவை எட்டிப் பார்க்கவில்லை. கட்டடத்தை விற்கப் பார்த்தார் வேன்டிவர். வாங்க வந்தவர்கள் சுவரைப் பார்த்ததும் காரைவிட்டு இறங்கவில்லை.

வசந்த மழையில் இரும்புத் தட்டுக்கு மேலே சுவர் வியர்க்க ஆரம்பித்தது. பிறகு சொட்டியது. நார்லீன் ஒரு கையால் முட்டையும் மறுகையால் துணியுமாக நின்றாள். அப்படி ஒரு மழைக் காலையில் வேன்டிவர் உள்ளே வந்து மேடையோரம் உட்கார்ந்தார். சட்டையில் பேட்ஜ் இல்லை.

"நார்லீன், நாம ஒரு நீண்ட கால ஒப்பந்தம் போட்டுக்கலாமா? பத்து வருஷம்?"

"எதுக்கு?"

"சொத்து வரி கட்டணும். இந்தக் கட்டடத்துல வாடகை தர்றது நீங்க ஒருத்தர்தான்."

"மேடையக் கேளுங்க. அதுதானே சரித்திரம். நான் நகர்த்தற சாமான்."

அவர் தலை குனிந்தது. நார்லீன் விடுவதாக இல்லை.

"பத்து இல்ல, இருபது. வாடகை இப்ப இருக்கறதுதான். சுவரையும் நீங்கதான் பாத்துக்கணும்."

"அதுக்கு என்கிட்ட எங்க இருக்கு..."

"தெரியும். அதுவரைக்கும் மூலையில வாளி இருக்கு. எடுங்க."

வேன்டிவர் பட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் எழுந்து, கோட்டுடனேயே மேடைக்குப் பின்னால் போய், வாளியைத் தூக்கிவந்து சொட்டுக்குக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள் நார்லீன், முட்டையைப் புரட்டியபடி. "பளிங்குல பட்டுடப் போகுது. அது ஹோட்டலோட கூடப் பொறந்தது, நீங்க இல்ல."