காணாமல் போன எர்த் கம்பி

பிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கிறது என்று சீதாலெட்சுமி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். கணவன் முகுந்தன் லோரி ஓட்டுகிறவன், வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருகிறவன். "ஈரக் கையோட தொடாதே" என்றதோடு அவன் கடமை முடிந்தது. கடைசியில் அவளே பண்டமாரானிலிருந்து வயர்மேன் ஜாபர் அலியைக் கூட்டி வந்தாள்.

அவர் வாசலைச் சுற்றிச் சுற்றி எர்த் கம்பியைத் தேடினார்.

"எங்க ஷா ஆலம் பேக்டரி போர்டுல எர்த் முறை டி-என்-எஸ்னு எழுதியிருக்கும். நம்ம வீடு என்னண்ணே?" என்று கேட்டாள் பேக்டரியில் வேலை செய்கிற சீதாலெட்சுமி.

"அங்க எர்த், கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர்லேருந்து தனி வயராவே வந்துரும். இது டி-டி, தங்கச்சி. முதல் டி, கரண்ட்காரங்க அவங்க பக்கத்து மண்ணுல போட்ட எர்த். ரெண்டாவது டி, நம்ம வீட்டு மண்ணுல அடிக்கிற கம்பி. வாசலுக்கு டைல்ஸ் போட்டவங்க அத அறுத்து மூடிட்டாங்க. இப்ப கசியிற கரண்டுக்குத் தொடுற ஆள்தான் வழி."

மாமியார் பவுனம்மாளின் இன்சுலின் அந்தப் பிரிட்ஜில்தான் இருக்கிறது. மத்தியானம் அதை எடுக்கும்போது கிழவி வீட்டில் தனி.

"கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச் இருக்குமேண்ணே?"

"யாரோ அத ஒதுக்கிட்டு டைரக்டா வயர் குடுத்து வெச்சிருக்காங்க. புதுசு போடலாம். ஆனா செவுத்து வயரெல்லாம் ஊறிக் கெடக்கு, ஓயாம அணையும். அப்புறம் பிரிட்ஜ் எங்க ஓடும், மருந்து எங்க நிக்கும்? கம்பிய நான் சும்மாவே அடிச்சுத் தரேன், வீட்டு ஓனர ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கிள்ளானில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் பழனியப்பன் போனிலேயே குதித்தார்.

"புது டைல்ஸ ஒடைக்கணுமா? இத்தன வருசம் எவன் செத்தான்? புடிக்கலன்னா வேற வீடு பாத்துக்கோங்க லா."

இதே வாடகைக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்? மாமியாருக்கு ரப்பர் சிலிப்பர் வாங்கிக் கொடுத்தாள். அத்தை அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். "சாமி மேடை இருக்கிற அடுப்படியில செருப்பா? நல்லாருக்கு!"

திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனிலிருந்து போன் செய்வாள். "எடுத்துட்டேன்மா" என்று அத்தை சொல்லும்வரை ஒரு பருக்கை இறங்காது.

இந்த வெள்ளிக்கிழமையும் செய்தாள்.

"அத்தை, தரை ஈரமில்லையே?"

"வெள்ளிக்கிழமையாச்சே, கழுவாம இருப்பனா? இப்பத்தான் சாமி மேடைக்கு முன்னால ரெண்டு வாளி ஊத்திக் கழுவி விட்டேன். இரு, மருந்த எடுத்துட்டு வந்துர்றேன்."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை, வேணாம்! பிரிட்ஜைத் தொடாதீங்க! அத்தை!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. சளக் சளக்கென்று ஈரத்தில் நடக்கும் அத்தையின் காலடிச் சத்தம் மட்டும் போனில் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.