மூன்றாவது மெட்டு

டெலியா அன்று நல்ல மனநிலையில் இருந்தாள் என்பதுதான் கொடுமை. டப்ளினிலிருந்து ஒரு மனிதர் வேலை மெனக்கெட்டு வந்து, அவள் சமையலறை மேசைமேல் கிராமபோனை இறக்கி வைத்து, "அம்மா, உங்க காதுக்குத் தெரியாத மெட்டு இந்த கிளேர் மாவட்டத்துலயே இல்லைன்னு கிறிஸ்டி சொன்னாரு" என்றால் யாருக்குத்தான் தலைக்கனம் வராது? சோடா ரொட்டியைத் தடிமனாக அறுத்து வெண்ணெயைத் தாராளமாகத் தடவி வைத்தாள்.

ஃபின்டன் என்ற அந்த மனிதர் சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாக்கி கில்ஹூலி என்றொரு கிளேர்க்காரன் அந்தக் காலத்தில் நியூயார்க் போய்ப் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசித்துக் கொடுத்த இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி வெளியிடப் போகிறார். தொல்லை என்னவென்றால், தட்டின் ஒரு பக்கம் மூன்றே நிமிஷம். அதற்குள் கில்ஹூலி மூன்று ஆட்ட மெட்டுகளை மூச்சுவிடாமல் கோத்து வாசித்துத் தள்ளியிருப்பான். தட்டில் ஒட்டிய காகிதத்திலோ முதல் மெட்டின் பேர் மட்டும்தான். மற்ற இரண்டும் அநாதை. அந்தப் பேரும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. அமெரிக்கக் குமாஸ்தா தன் காதில் விழுந்ததை எழுதியிருப்பான்.

"'விதவையின் வாத்து'ன்னு போட்டிருக்கு" என்றார் ஃபின்டன், ஊசியை வைத்தபடி.

டெலியா நாலு அடி கேட்டதுமே சிரித்துவிட்டாள். "வாத்துமில்ல, கோழியுமில்ல. இது 'மழைக்கப்புறம் வைக்கோல்'. என்ன கிறிஸ்டி, வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்."

அடுத்த வீட்டுக் கிறிஸ்டி, செத்துப்போன அவள் புருஷன் சன்னியோடு இளவயதிலிருந்தே புல்லாங்குழல் வாசித்தவன், தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே "ஆமா, அதேதான்" என்றான். இரண்டாவதையும் அவளே பிடித்தாள். பாஞ்சோக்காரன் பொடிப்பொடியாகக் கொத்திப் போடும் சில்லறைச் சுரங்களை ஒதுக்கிவிட்டு எலும்பை மட்டும் முணுமுணுத்துப் பார்த்தால் போதும், மெட்டு தானாக முகத்தைக் காட்டிவிடும்.

மூன்றாவது தொடங்கியது. டெலியாவின் கை வெண்ணெய்க் கத்தியோடு நின்றது.

அதை முணுமுணுத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அது அவளுடைய மெட்டு, இங்கே ரீல் என்று சொல்லும் வேகமான ஆட்ட மெட்டு. 'டெலியாவின் ரீல்'. கல்யாணத்துக்கு முன்பு சன்னி அவளுக்காகக் கட்டியது. கட்டின பெண்டாட்டிக்கு அந்த மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவள் வளர்த்த வாத்துகளை அவளிடம் கேட்காமலே விற்றுக் குடித்தான். பிள்ளை செத்துப் பிறந்த அன்றுகூடப் பக்கத்தூர்க் கல்யாணத்துக்கு வாசிக்கப் போனான். போகட்டும், எனக்கென்று ஒரு மெட்டுக் கட்டினானே, ஊரே என் பேரைச் சொல்லி ஆடுகிறதே என்று அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் அவனுக்கு ஆக்கிப் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட மெட்ட இந்த ஆளு திருடியிருக்கான்" என்றாள்.

ஃபின்டன் சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். "இது இருபத்தேழுல பதிவு பண்ணினதும்மா."

சன்னி பிறந்ததே முப்பதில். கணக்கு அவளுக்குத் தெரியாதா என்ன? தட்டு சுற்றி முடிந்து கரகரத்தது. அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.

"கிறிஸ்டி, இங்க பாரு."

"பழைய கதை, விடு டெலியா."

"உனக்குத் தெரியும்."

"அவன் கட்டினேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். நாற்சந்தியில் ஊர் கூடி ஆடிய நடனம், வேர்த்த முகத்தோடு சன்னி, 'இது என்ன மெட்டு' என்று அவள் கேட்டது. "டெலியாவோடதுன்னு வச்சுக்கோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இந்தப் பக்கத்தில் பேர் தெரியாத மெட்டுக்கெல்லாம் யாரிடம் கற்றார்களோ அவர்கள் பேரையோ, எதிரில் நிற்பவர் பேரையோ வைத்துவிடுவார்கள். அவளும் இங்கேயே பிறந்தவள்தான், அந்த வழக்கம் அவளுக்கு அத்துப்படி. இருந்தும் வீட்டுக்கு ஓடிப்போய் 'எனக்காகக் கட்டியிருக்காரும்மா' என்று சொன்னவள் அவளேதான். இருபது வயதில் வேறென்ன கேட்கும் காதில்?

"அதுக்கு முன்னாடி அதுக்கு என்ன பேரு?"

கிறிஸ்டி கோப்பையை மேசைமேல் வைத்தான்.

ஃபின்டன் பாவம், ஒன்றும் புரியாமல் ஆர்வமாக முன்னால் சாய்ந்தார். "ஆமா, பழைய பேரு ஏதாவது இருந்தா ரொம்ப உபயோகமா இருக்கும்."

"நோனி டூஹியோடதுன்னு சொல்லுவோம்" என்றான் கிறிஸ்டி கடைசியில். "அவங்க வீட்லதான் இந்தத் தட்டு இருந்துச்சு. குளிர்காலம் முழுக்க சன்னி அங்கயே கிடந்தான், அதக் கேட்டுக் கேட்டு. அப்புறம் அவ பாஸ்டன் போயிட்டா."

நோனி டூஹி. அந்தச் செம்பட்டைத் தலைக்காரி ஊரை விட்டுப் போன அதே வசந்தத்தில்தான் சன்னி டெலியாவைப் பெண் கேட்டு வந்தான்.

"ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"வாசிக்கிறவங்களுக்குத் தெரியும். உன் மனசு நோகுமேன்னுதான்..."

"என் மனசு நோகக்கூடாதுன்னு எல்லாருமா சேர்ந்து மூஞ்சில ஒண்ணும் காட்டிக்காம வாசிச்சீங்க. நான் முன்வரிசைல உக்காந்து தலையாட்டினேன். நல்லா சிரிச்சிருப்பீங்க."

"சத்தியமா யாரும் சிரிக்கல. உனக்காகத்தான் அத அவன் அவ்வளவு நல்லா வாசிப்பான், டெலியா. கண்ண மூடிக்குவான்."

"எனக்கு வாசிக்கல. என்னை முன்னால உக்கார வச்சுட்டு அவளுக்கு வாசிச்சான். அதான் கண்ண மூடிக்கிட்டான்."

ஃபின்டன் பேனாவை மூடப் போனார். "அம்மா, 'டெலியாவின் ரீல்'னே போட்டுடறேன். இப்ப எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. தப்பே இல்ல."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊரைப் போலவே இவரும் இரக்கப்பட்டு அவள் பேரைப் போடுகிறார்.

"நோனி டூஹின்னு எழுதுங்க" என்றாள். "எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க. கிறிஸ்டி, அவ உயிரோட இருக்காளா?"

"இருக்கான்னு கேள்வி. பேரப்பிள்ளைங்களோட."

"அப்ப தட்டு வந்ததும் அவளுக்கு ஒண்ணு அனுப்பி வையுங்க. மெட்டு அவகிட்டயே போய்ச் சேரட்டும்." ரொட்டித் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. அவனுக்கு ஆக்கிப் போட்டுப் போட்டு எனக்கு நல்லா வர்றது இது ஒண்ணுதான்."