பிரபாகரின் டிராகன்

பிரபாகரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அவன் ஆட்டத்தில் வைத்திருந்த டிராகன் ஏற்காட்டில் அவனுடைய அக்கா வெண்ணிலாவின் வீட்டுக் கூரைமேல் வந்து படுத்துக்கொண்டது. ஓடு ஒன்றும் உடையவில்லை. கண்ணுக்கும் அது தெரியவில்லை. ஆனால் ஐப்பசி மழை அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் பெய்தது, சுவர்கள் வெதுவெதுவென்று இருந்தன, வாசலில் வெடி வெடித்து ஓய்ந்த மாதிரி வாசனை அடித்தது. பக்கத்து வீட்டுப் பூவாயி முதலில் பயந்தாள். பிறகு ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து அந்த வாசலில் காயப்போட்டாள். சில வாரங்களில் தெருவே காயப்போட்டது. அடைமழைக் காலத்தில் பயம் நெடுநாள் தாங்காது.

ஆட்டம் என்பது பிரபாகர் பெங்களூரில் வேலை பார்த்தபோது பழகிக்கொண்டு வந்தது. மேசைமேல் கையால் வரைந்த ஒரு வரைபடம், பல முகங்கள் கொண்ட பகடைகள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, வாளை உருவுகிறேன், கதவைத் தட்டுகிறேன் என்பார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். மிச்சமெல்லாம் கதை சொல்கிறவர் பொறுப்பு, அவர் சொன்னது சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா வீட்டில் பிரபாகர் கதை சொன்னான். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் வெண்ணிலாவும், பேக்கரி மரியதாஸும், ஆஸ்பத்திரி நர்ஸ் சுஜாதாவும் ஆடினார்கள். ஏழு கழுதை வயசாகியும் பொம்மை விளையாட்டா என்று ஊர் சிரித்தது. அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டிராகன் விஷயத்தில் பிரபாகருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வந்தவுடன் நெருப்பைக் கக்கி, வெட்டுப்பட்டுச் சாவதற்கு அது என்ன கசாப்புக்கடை ஆடா என்பான். முதலில் சூட்டைக் காட்டுவான், அப்புறம் வாசனை, அப்புறம் குரல். உடம்பை மட்டும் காட்டவே மாட்டான். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினான். அந்தக் குரலோ சேலத்து ஜவுளிக்கடை முதலாளியின் குரல்போல அத்தனை மரியாதையாக இருக்கும். "ஏனுங்க, வந்துட்டீங்களா? குகைக்குள்ள இருக்கறதெல்லாம் என்ற காவலுங்க. தொடாம பாருங்க." அந்த மரியாதையில்தான் உடம்பு சிலிர்க்கும். மூவரும் வாளை உருவாமலே, "போயிட்டு வர்றோமுங்க" என்று டிராகனிடம் சொல்லிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

குப்பனூர் ரோட்டில் மூடுபனிக்குள் பைக் சறுக்கிப் பிரபாகர் போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். மரியதாஸுக்கும் தெரியும். ஆனால் அழுது வீங்கிய முகத்தோடு எழுந்தவன், மூலையில் கிடந்த அந்த மேசையைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "போயிட்டு வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டான். பெரியவர்கள் பல்லைக் கடித்தார்கள். டிராகன் வந்தது அதனால்தான் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது.

அது வந்த முதல் ஞாயிறு மத்தியானம் கூரைமேலிருந்து, "ஏனுங்க, வந்துட்டீங்களா?" என்று கேட்டது. தம்பியின் குரலேதான், அந்தத் தொண்டைக் கரகரப்பு உள்பட. வெண்ணிலா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான சுவரில் கன்னத்தைச் சாய்த்து அழுதாள். தம்பி திரும்பி வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். குரலாவது மிஞ்சியதே என்று இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு மரியதாஸ் வந்தான். "பாதியில நிக்கிற ஆட்டம் அதைப் போக உடாதுங்க அக்கா. யாராச்சும் பிரபா நாற்காலியில உக்காந்து, டிராகனுக்காகப் பேசோணும்."

"பேசுனா?"

"அதுக்கப்புறம் பேசுனவங்க குரல்தானுங்க அதுக்கு. பிரபா குரல் இருக்காது."

"அப்ப வேண்டாஞ் சாமி. என்ற ஊட்டுல அவன் குரல் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."

ஆனால் புதிதாகச் சொல் எடுத்துத் தர ஆளில்லாத குரல், சோப்புக் கட்டி போலத் தேய்ந்தது. முதலில் குகை என்ற சொல் போயிற்று, பிறகு காவல். தை மாதம் "வந்துட்டீங்களா" காணாமல் போயிற்று. பங்குனியில் "ஏனுங்க" ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் பாதி மூச்சாக. வெண்ணிலாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆசைக்கு வைத்துக்கொண்டு, அவனை இன்னொரு தரம் சாகவிடுகிறோமே என்று பதறிப்போய், மரியதாஸையும் சுஜாதாவையும் ஆட வரச் சொன்னாள்.

பிரபாகரின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். வாயைத் திறந்து, "ஏனுங்க, வந்துட்டீங்களா?" என்றாள். கூரைமேல் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று அடங்கியது. தம்பியின் குரலை அதற்குப் பிறகு அவள் கேட்கவேயில்லை.

மரியதாஸ் இன்றைக்காவது வாளை உருவுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் பகடையைத் தொடவில்லை. மேசையைப் பார்த்தபடியே கேட்டான்: "உங்க காவல்ல எங்க பிரபா இருக்கானுங்களா?"

சுஜாதா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்வதுதான் நியாயம், அது வெண்ணிலாவுக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்காலியில் இருந்து எதைச் சொன்னாலும் அதுவே நிற்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்கானுங்க," என்றாள். "நொம்ப தூரம் வந்தவன், அசந்து தூங்கறானுங்க. எழுப்ப வேண்டாமுங்க."

கூரை ஒரு தடவை முனகியது. சற்று நேரத்தில் சுவர்கள் ஆறிப்போயின. வெளியே கொடியில் கிடந்த தெருத் துணிகள்மேல் கோடை மழை சடசடவென்று இறங்க, பூவாயி வானத்தைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு, சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் குகையுள்ள ஒரு பாறை மார்கழிப் பனியிலும் கை வைத்தால் சுடுகிறது. வெண்ணிலா அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். ஜீப்காரர்கள் அங்கே ஹாரன் அடிப்பதில்லை. ஏன் என்று டூரிஸ்ட்டுகள் கேட்டால், உள்ளே ஒரு பையன் தூங்குகிறான் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சத்தம் வராமல் கியரை மாற்றிக்கொண்டு போகிறார்கள்.