பக்கத்து நாற்காலிக்குப் போன கேள்வி

"எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். குரூப் இன்டர்வியூன்னா அதான் நல்லது, பாரபட்சம்னு யாரும் சொல்ல முடியாது. பயப்படாம பேசுங்க" என்றார் எச்.ஆர். சார். நீள மேசையைச் சுற்றி நாங்கள் எட்டுப் பெண்கள். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். நான்கூட மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைப்பாக்கத்தை ஒட்டி வந்த கார் உதிரிபாகக் கம்பெனி அது. நாங்கள் வேர்க்கடலை போட்ட நிலத்தில்தான் இப்போது அவர்களுடைய பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. நிலம் எடுத்தபோது ஊரைக் கூட்டி வைத்து, உங்கள் பிள்ளைகளுக்குத்தான் முதல் வேலை என்று மைக்கில் சொன்னார்கள். அப்பா அதை நம்பித்தான் என்னை டிப்ளமா மெக்கானிக்கல் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் இதே கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்க வா என்று காண்ட்ராக்டரின் ஆள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான். கக்கூஸ் கழுவக் கூப்பிடும்போது மட்டும் எங்கள் ஊர் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குப் பாகங்களைப் பொருத்தும் லைனில் நின்று வேலை செய்ய வேண்டும். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கையில் துடைப்பத்தைக் கொடுத்தால் எரிச்சல் வருமா வராதா?

எனக்கு இடப்பக்கம் செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறாள். காலையில் நடந்து வரும்போதே கேட்டாள்.

"எக்கா, நானும் பிள்ளைப்பாக்கம்னே சொல்லட்டுமா? உள்ளூர்க்காரவளைத்தான் மொதல்ல எடுப்பாவன்னு சொல்லுதாவளே."

"சொல்லிக்கோ. வாடகை குட்த்துகினுதானே கீற? ஊரும் உன்னுதுதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டைத் தாண்டினோம்.

முதலில் பூமாரி என்ற பெண். பேர் சொன்னாள், ஊர் சங்கரன்கோவில் என்றாள். கேள்வி வந்தது. "லைன்ல உங்களுக்கு முன்னாடி நிக்கிறவங்க தப்பான பீஸைத் தள்ளி விடறாங்க. நீங்க என்ன செய்வீங்க?" சூப்பர்வைசரிடம் சொல்வேன் என்றாள். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே கேள்விதான். தேனிக்காரிக்கும் அதே கேள்வி, பரமக்குடிக்காரிக்கும் அதே கேள்வி. சார் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறாரே என்று நானும் பதிலை வாயில் தயாராக வைத்துக்கொண்டேன்.

"எழிலரசி. பிள்ளைப்பாக்கம் சார்."

"ஓ, பக்கத்துலயேவா? சரி. நெக்ஸ்ட்."

"செல்வலட்சுமி. பிள்ளைப்பாக்கம்."

"சரி. நெக்ஸ்ட்."

கேள்வி எங்கள் இருவரையும் விட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டது. செல்வலட்சுமி மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். உள்ளூர் என்றால் கேள்வியே இல்லாமல் வேலை என்று அவள் நினைத்தாள். என்னைக் கேட்டால், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சீருடை போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தே விட்டேன்.

கடைசிப் பெண்ணும் பதில் சொல்லி முடித்ததும் சார் நிமிர்ந்தார். "இந்த ஆறு பேர் மெடிக்கலுக்கு இருங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பலாம். தேவைன்னா கூப்பிடறோம்."

நான் எழுந்துவிட்டேன். செல்வலட்சுமிக்கு முகம் வெளுத்துப்போனது. "சார், எனக்குச் சொந்த ஊரு நாங்குநேரில்லா. இங்கன வாடகைக்கு இருக்கேன் சார்" என்று பதறினாள். பேச்சைக் கேட்டதுமே சார் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அட, அதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? உக்காருங்க. லைன்ல தப்பான பீஸ் வந்தா என்ன செய்வீங்க?"

அவளிடம் அதுவரை இல்லாத எந்தத் தகுதி அந்த ஒரு நிமிஷத்தில் வந்து ஒட்டிக்கொண்டது? எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேல் இல்லை. அவள் வாய் திறப்பதற்குள் நான் திரும்ப உட்கார்ந்தேன்.

"சார், எனக்கும் அந்தக் கேள்விய கேளுங்க."

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சும்மா."

"ஆரம்பிக்கவே இல்லியே சார். எங்கிட்ட இன்னா கொறை கீது?"

அவர் குரலைத் தணித்து, சொந்தக்காரர் புத்தி சொல்வது போலச் சொன்னார். "உங்க மேல ஒண்ணுமில்ல. லோக்கல்னா திருவிழா, சாவுன்னு லீவு போடுவாங்க. எதுனா பிரச்சனைன்னா ஊரே கம்பெனி கேட்டுக்கு வந்துடும். மேலிடத்துல எடுக்க வேணாங்கறாங்க. நான் என்ன பண்ண?"

"அப்ப அதையே கேளுங்க. லீவு போடுவியான்னு எட்டுப் பேரையும் கேளுங்க. அவுங்களுக்கு ஊருல திருவிழா இல்லியா, சாவு இல்லியா? நானும் பதில் சொல்றேன். அதுல தோத்தா எழுந்து போறேன்."

தேர்வான பெண்கள் தங்கள் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அடுத்த பேட்ச் வெளியில நிக்குது. டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் செல்வலட்சுமி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தப்பான பீஸ் வந்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கும் வேலை வேண்டும், இதற்காகத்தான் ஊரை விட்டு வந்தவள். இதில் நான் என்ன கண் காட்டுவது?

"தப்புன்னு தெரிஞ்சா அடுத்த ஆளுக்குத் தள்ள மாட்டேன் சார். கையிலயே வச்சிக்கிடுவேன்" என்றாள்.

"அப்ப லைன் நின்னுடுமே."

"நிக்கட்டும் சார். மொதல்ல இந்த அக்காட்ட கேளுங்க. பொறவு எனக்குப் போடுங்க மார்க்கு."

சொல்லிவிட்டு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று சுவர்க் கடிகாரத்தையே முறைத்தேன்.

சார் செக்யூரிட்டியைக் கூப்பிடக் கதவைத் திறந்தார். தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, வெளியில் காத்திருந்த அடுத்த பேட்ச் உள்ளே வந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் எட்டுப் பேரும் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தி குனிந்து என் காதருகே கேட்டாள்.

"அக்கா, எந்த ஊருன்னு சொன்னா எடுக்கறாங்க?"

எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். "அவுரு கேள்விய கேக்கட்டும். அப்பால ஊரைச் சொல்லிக்கலாம். அதுவரிக்கும் குந்து."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, மற்றவர்களும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள்.